நின்ற மீட்டரும் சொல்லாத குறையும்

அம்பாசிடர் போன்ற பழைய கார்களின் ஓடோமீட்டர், கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிளின் சுழற்சியைப் பற்சக்கரங்கள் வழியாக எண் உருளைகளுக்குக் கடத்தி, ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியாகும். பற்சக்கரம் தேய்ந்து எண் நின்றுவிட்டாலும் வண்டி ஓடிக்கொண்டே இருப்பதால், பழுது நீக்கப்படும்போது அறம் சார்ந்த கேள்வியொன்று எழுகிறது: பதிவாகாத தூரத்துக்கு யார் சாட்சி?

நின்ற எண்ணிலிருந்தே தொடர்ந்தால் கணக்கு குறைகிறது. உத்தேசமாகக் கூட்டி வைத்தாலோ ஊகம் உண்மையின் வேடம் பூணுகிறது. 1972இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், பழைய எண்ணைத் தக்கவைக்க இயலாதபோது மீட்டரைப் பூச்சியத்தில் வைத்து, முந்தைய எண்ணையும் பழுது பார்த்த நாளையும் எழுதிக் கதவுச் சட்டகத்தில் ஒட்டுமாறு விதித்தது.

தோல் தொழிலில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் நெடுங்காலமாக முன்னிற்கும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்துக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. விற்பனைப் பொருளின் குறையை ‘ஐபு’ என்றும், வாங்கும்போது அறியாத குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையைக் ‘கியாருல் ஐபு’ என்றும் இஸ்லாமிய வணிகச் சட்டம் வகுத்துள்ளது. சாயப்பூச்சுக்கு அடியில் மறைந்த உண்ணிக்கடித் தழும்பு தோலின் தரத்தைப் பொய்யாக்குவது போல, சொல்லப்படாத இடைவெளி, சரியாக ஓடும் மீட்டரையும் பொய்யாக்குகிறது.

வாங்குபவரே சோதித்துக்கொள்ள வேண்டும் என்னும் வாதம் கண்ணுக்குப் புலப்படும் குறைக்கே பொருந்தும். மீட்டர் நின்றிருந்த காலத்தையோ பெரும்பாலும் விற்பவர் மட்டுமே அறிவார். வணிகரின் அறத்தைத் திருக்குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்துப் பேசுவதும் இங்கு எண்ணத்தக்கது. எனவே பற்சக்கரத்தை மாற்றுவதோடு மெக்கானிக்கின் பணி முடிந்தாலும், எண் பேசாத தூரத்தை வாய்திறந்து சொல்லும் கடமை உரிமையாளரிடமே எஞ்சுகிறது.