காப்பகத்துக்கு வரும் வயலின்

மான்செஸ்டர் கேமராட்டா 1972-இல் இங்கிலாந்தில் தொடங்கிய சிறு இசைக்குழு. சிம்பொனிக் குழுவில் எண்பது, நூறு பேர் அமர்வார்கள்; சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா எனப்படும் இவ்வகைக் குழுவில் அதில் பாதிகூடத் தேறாது. முதியோர் காப்பகத்தின் கூடத்துக்கு அதிலும் ஒருவர் வந்தாலே போதும்.

2012 முதல் இக்குழு இத்தகைய காப்பகங்களிலும் நடத்திவரும் 'மியூசிக் இன் மைண்ட்' என்ற இசைத் திட்டம் மறதிநோய் உள்ளவர்களுக்கானது. கச்சேரி என்று இதைச் சொல்ல முடியாது. வட்டமாகப் போட்ட நாற்காலிகள், கைக்கெட்டும் இடத்தில் சிறு தாளக் கருவிகள். இசைச் சிகிச்சையாளர் ஒருவரும் குழுவின் கலைஞர் ஒருவரும் உடன் உட்காருகிறார்கள். ஒரு பாட்டி டிரம்மை இரண்டு முறை தட்டி நிறுத்தினால், வயலின் அந்த இரண்டையும் வாங்கித் திருப்பித் தரும். பாட்டி யோசித்து மூன்றாகத் தட்டலாம். வயலினும் மூன்றுக்கு மாறும். பேச்சு நழுவிப்போனவரோடு நடக்கும் உரையாடல் இது. பதிவு செய்த பாட்டுக்கு இது கைவராது, அது யாருக்காகவும் நிற்காமல் ஓடிவிடும்.

வாசிப்பவருக்குத்தான் சோதனை அதிகம். ஸ்வரத்தாளைப் பார்த்துப் பிசகாமல் வாசித்துப் பழகிய கை, இங்கே எதிரில் இருப்பவரின் விரலையும் மூச்சையும் பார்த்து வாசிக்க வேண்டும்.

மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இம்முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். கலைஞர்கள் எப்போதும் காப்பகத்திலேயே இருக்க முடியாது என்பதால், அங்குள்ள பராமரிப்புப் பணியாளர்களுக்கும் இக்குழு பயிற்சி தருகிறது.