ஒரு வாட்

ஹெவி மெட்டல் கிட்டார் வாசிக்கிற ஆளிடம் எந்த பிக்கப், எந்த ஆம்ப், எந்த ஸ்பீக்கர் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் விடமாட்டார். நானும் அந்த ரகம்தான். ஆனால் நான் இருப்பது திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டில். பகலில் கோடு எழுதுகிறேன், ராத்திரியில் கிட்டார். கீழே வீட்டு ஓனர் அம்மா. எதிர் வீட்டில் மௌனம் தேடி எங்கிருந்தோ வந்து வாடகைக்குத் தங்கியிருப்பவர்கள். இந்த இடத்தில் அந்தக் கேள்வி சாமான் வாங்குகிற கேள்வியாக மட்டும் நிற்பதில்லை. எனக்குப் பிடித்த ஓசை சத்தமாக இருந்தால்தான் அது அதுவாக இருக்கும். அதை எழுப்ப எனக்கு எவ்வளவு உரிமை?

பிக்கப்பில் ஆரம்பிக்கலாம். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறி சின்னதாக ஒரு மின்னழுத்தம் பிறக்கும். சிக்கல் என்னவென்றால், அதே சுருள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் பிடித்துக்கொள்ளும். 1955-ல் கிப்ஸன் கம்பெனியின் பொறியாளர் சேத் லவர் இதற்கு ஒரு வழி செய்தார். இரண்டு சுருள்கள், காந்த முனைகளும் எதிரெதிர், சுற்றிய திசையும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும், தந்தியின் ஓசை மட்டும் கூடும். ஹம்பக்கர் என்ற பெயருக்கே ரீங்காரத்தை எதிர்ப்பது என்றுதான் அர்த்தம். மெட்டலில் சிக்னலைப் பெருக்குகிற அளவுக்கு இது இல்லாமல் முடியாது. (எங்கள் வீட்டு எர்த்திங் இருக்கிற லட்சணத்துக்கு இரண்டு சுருளும் போதாது, அது வேறு கதை.) ஆக, உலகத்திலேயே இரைச்சலானது என்று பெயர் வாங்கிய இசை, இரைச்சலை நீக்கக் கண்டுபிடித்த ஒரு பாகத்தில்தான் தொடங்குகிறது. அதோடும் முடியவில்லை. உள்ளங்கையைத் தந்திமேல் அழுத்தி வாசிக்கும் ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே நாய்ஸ் கேட் என்ற கருவி முழு அமைதியைக் கொண்டுவருகிறது. அந்த அமைதி துல்லியமாக விழாவிட்டால் ரிஃபுக்கு கனமே இருக்காது. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் இஎம்ஜி 81 போன்ற ஆக்டிவ் பிக்கப் இதில் கெட்டிக்காரன். எனக்கென்னவோ பேட்டரி இல்லாத பாஸிவ் ஹம்பக்கரே போதும். விரல் கொஞ்சம் மென்மையாகப் பட்டால் அது தெரியவேண்டும்.

அடுத்தது ஆம்ப். ஒருநாள் ஓனர் அம்மா மாடிப்படியில் நின்று கேட்டார்: “இன்னா தம்பி, ரேடியோ ஏதாச்சும் ரிப்பேரா? கரகரன்னு கேக்குது.”

“இல்லம்மா, அது அப்டித்தான் இருக்கும்.”

“அப்டித்தான்னா? காசு குடுத்தா வாங்கின?”

அவர் சொன்னதில் வரலாற்றுப் பிழை எதுவும் இல்லை. 1958-ல் ‘ரம்பிள்’ பாட்டுக்காக லிங்க் ரே ஆம்பின் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார் என்பார்கள். 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்தார். 1965-ல் பர்மிங்ஹாமில் இரும்புத் தகடு ஆலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, பிளாஸ்டிக் தொப்பி செய்து விரலில் மாட்டிக்கொண்டார். தந்திகளை மெல்லியதாக்கினார், பிறகு சுருதியையும் தளர்த்தினார். பிளாக் சப்பாத்தின் இருண்ட ஓசைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ரிப்பேரைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அந்த ரிப்பேர் என்ன செய்கிறது என்பதுதான் என்னை விடாமல் பிடித்திருப்பது. வால்வால் கொடுக்க முடிந்ததற்கு மேல் கேட்கும்போது அலையின் தலையும் காலும் வெட்டுப்படுகின்றன. வெட்டுப்பட்ட இடத்தில், வாசிக்காத ஸ்வரங்கள் முளைக்கின்றன. ஐந்தாம் தந்தியின் 110 ஹெர்ட்ஸும் அதன் பஞ்சமமான 165 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 55 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி கீழே, யாரும் மீட்டாமலே எழும். மெட்டல்காரர்கள் ஸ – ப ஜோடியையே விடாமல் வாசிப்பதற்கு இதுதான் காரணம். இடையில் ஒரு காந்தாரத்தைச் சேர்த்தால் சேறு. தம்பூராவிலும் அதே பஞ்சமமும் ஷட்ஜமும்தான். அங்கே குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு துண்டு நூலைச் செருகி, சுத்தமாக அதிரவேண்டிய தந்தியைக் குதிரையில் உரசவிட்டு, மேல் ஸ்வரங்களைப் பூக்கவைக்கிறோம். அதற்கு ஜீவா என்று பெயர் வைத்தோம். இங்கே டிஸ்டார்ஷன், அதாவது சிதைவு. பெயர் வைத்தவர்களின் மனநிலை எனக்குப் பிடித்தமானதுதான், இரண்டு பக்கமும்.

ஆனால் ஜீவாவுக்கு வாட் கணக்கு இல்லை. ஸ்பீக்கருக்கு உண்டு. மெட்டல்காரர்களின் செல்லமான செலஸ்டியன் விண்டேஜ் 30-க்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல். பத்து வாட்டுக்கு 110, நூறு வாட்டுக்கு 120. சின்ன ஆம்ப் வாங்கினால் பிரச்சினை தீரும் என்று பலரும் நினைக்கிறார்கள். தீராது. நூறை ஐம்பதாக்கினால் குறைவது வெறும் 3 டெசிபல். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. சுவர் கொஞ்சம் தடுக்கும். கீழ் ஸ்தாயி கான்கிரீட் வழியாக ஓனர் அம்மாவின் கட்டிலுக்கே போகும்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி எழத்தான் செய்யும். இந்த ஊர் என்ன அவ்வளவு அமைதியா? பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டருக்கும் ஒலிபெருக்கி. தீபத்தன்று கயிலாய வாத்தியம் முழங்கினால் என் நூறு வாட் கூச்சப்படும். 1896-ல் பதினாறு வயதில் இங்கே வந்த ரமணரே, ஆயிரங்கால் மண்டபத்தில் பையன்கள் கல்லெறிந்த தொல்லையில் பாதாள லிங்கத்துக்குள் இறங்கி உட்கார்ந்தவர். மௌனம் இங்கே யாருக்கும் இலவசமாகக் கிடைத்ததில்லை. அப்புறம் என் கிட்டார் மட்டும் ஏன் அடங்கவேண்டும்?

இந்த வாதத்தை நண்பர்கள் இன்னும் ஒரு படி இழுப்பார்கள்: பறையையும் ஒருகாலத்தில் இரைச்சல் என்றார்கள் இல்லையா? இதை என்னால் ஏற்க முடியாது. பறையை ஒதுக்கியது காதல்ல, சாதி. அதை அடித்தவர்கள் ஊருக்குச் செய்த வேலைக்காகவே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ஈஎம்ஐயில் ஆம்ப் வாங்கும் ஐடி ஆசாமி அந்த வரிசையில் போய் நின்றுகொள்வது அசிங்கம்.

கோயில் மேளத்துக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் டெசிபலில் இல்லை. தீபத்தின் சத்தம் பிடிக்காதவர் உண்டு, ஆனால் அது எதற்காக, எப்போது தொடங்கி எப்போது ஓயும் என்று எல்லோருக்கும் தெரியும். பறைக்குப் பின்னால் ஒரு சாவோ திருவிழாவோ இருக்கிறது. சட்டமும் இதைப் பார்த்திருக்கிறது: இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்றுவிட்டு, பண்டிகைகளுக்காக ஆண்டில் 15 நாட்கள் வரை நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு அனுமதிக்கலாம் என்கிறது. (அந்தப் பதினைந்தை யார் மதிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். பண்டிகை என்ற பேரில் ராத்திரி ஒரு மணிக்கு அலறும் குழாயை நான் நியாயப்படுத்தவில்லை.) செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் வாசிக்கிற ரிஃபுக்குப் பின்னால் ஊரில் எதுவும் நடக்கவில்லை. அது எனக்கு மட்டும் நடக்கிறது. 2007-ல் பெங்களூரு பேலஸ் மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தபோதும், 2009-ல் ஐஐடி மெட்ராஸின் சாரங்கில் ஓபெத் வாசித்தபோதும் அந்தச் சத்தத்துக்கு ஆட்கள் டிக்கெட் எடுத்து வந்திருந்தார்கள். ஓனர் அம்மா டிக்கெட் எடுக்கவில்லை.

அதனால் வீட்டில் நான் தேர்ந்தெடுத்தது ஆம்பே அல்ல, ஆம்பின் கணக்கு. வால்வின் நடத்தையை மென்பொருள் போலி செய்யும். ஸ்பீக்கரை ஒரு நொடிக்கும் குறைவான இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் பதிவு போலி செய்யும். இது முக்கியம், ஏனென்றால் கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பெரிதாகக் கொடுக்காது. அந்த வடிகட்டல் இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் குளவிக் கூடு மாதிரி இருக்கும். பலரின் தேர்வு விண்டேஜ் 30, எனக்கு கிரீன்பேக்கின் நடு ஸ்தாயிதான் காதுக்கு இதம். ஹெட்போனில் டோன் சரியாகவே இருக்கிறது. கண்ணைக் கட்டிக் கேட்டால் எனக்கே வித்தியாசம் தெரியாது.

தெரிவது வேறு இடத்தில். நிஜ ஸ்பீக்கர் முன்னால் நின்று ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால், அறையின் காற்று தந்தியைத் திரும்ப ஆட்டும். ஸ்வரம் அணையாமல் நிற்கும், உடம்பைத் திருப்பினால் வேறு ஸ்தாயிக்குத் தாவும். ஹெட்போனில் தந்திக்கு அந்தக் காற்று இல்லை. சத்தமாக இருப்பதன் அடையாளங்கள் எல்லாம் இருக்கும், சத்தம் இருக்காது. அது போதும் என்று சொல்கிற நண்பர்களிடம் நான் வாதாடுவதில்லை. எனக்குப் போதவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து பெங்களூரு போகிறேன். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு ரிகர்சல் அறை, நூறு வாட் ஹெட், நான்கு ஸ்பீக்கர் கேபினட். என்னோடு டிரம்ஸுக்கும் பேஸுக்கும் இரண்டு பேர், மூவர் காதிலும் இயர்பிளக். 100 டெசிபலை வெறும் காதால் 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது. முதல் கார்டை அடித்ததும் அந்த 55 ஹெர்ட்ஸ் காதைச் சுற்றிவிட்டு நேராக நெஞ்செலும்பில் வந்து உட்காரும். டிரம்ஸ்காரன் என்னைப் பார்த்துத் தலையாட்டுவான்.