அணிலின் சேமிப்பு அறமாகுமா?

வட அமெரிக்க மழலையர் பள்ளிகளில் இலையுதிர்காலம் தொடங்கியதும், குழந்தைகள் ஓக் மரக் கொட்டைகளை எண்ணிப் பிரிப்பதும், அணிலைப் போல அவற்றை ஒளித்துவைத்துத் தேடுவதும், அட்டைப்பெட்டிகளால் கரடிக்குக் குகை அமைப்பதும் வழக்கம். எண்ணறிவையும் பருவமாற்றத்தையும் ஒருங்கே புகட்டும் இவ்விளையாட்டுகளோடு, முன்யோசனையுள்ள அணிலைப் போல மனிதரும் சேமிக்க வேண்டும் என்னும் நீதியும் பலவேளைகளில் சேர்ந்துகொள்கிறது. விலங்கின் செயலை அறம் என்று கொள்ளலாமா என்ற பழைய மெய்யியல் வினா அந்நீதியில் பொதிந்துள்ளது.

தம் வாழ்வு குறித்து முன்னறிந்து செயற்படும் சில விலங்குகளையும் விவேகமுடையவை என்று மக்கள் சொல்வதை அரிஸ்டாட்டில் தம் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் ஆறாம் பகுதியில் குறிப்பிடுகிறார். ஆயினும் பல வழிகளைச் சீர்தூக்கி ஒன்றைத் தேர்வதிலேயே அறம் வேரூன்றியுள்ளது என்றும், அத்தகைய தேர்வு விலங்குகளுக்கு இல்லை என்றும் அவரே கருதினார். ஆஸ்திரிய விலங்கியலாளர் ஐபிள்-ஐபெஸ்ஃபெல்ட் தனித்து வளர்த்த அணில்கள், பிற அணில்கள் புதைப்பதைக் கண்டிராத நிலையிலும், கடினமான தரைமீது தோண்டும் அசைவுகளைச் செய்து கொட்டையைப் புதைக்க முயன்றன. கற்பிக்கப்படாமலே பிறவியோடு வரும் இச்செயலொழுங்கு இயல்பூக்கம் எனப்படுகிறது.

அதற்காக அணிலை வெறும் பொறி என்று ஒதுக்கிவிடவும் இயலாது. சாம்பல் அணில்கள் தாம் புதைத்த இடங்களை நினைவில் வைத்து மீட்கின்றன என்பதை ஜேக்கப்ஸ், லிமன் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இலையுதிர்காலத்திலேயே முளைவிடும் வெள்ளை ஓக்கின் கொட்டை கெடாதிருக்க, அதன் முளைக்கருவைக் கடித்தகற்றிய பின்னரே அவை பலமுறை புதைக்கின்றன. இத்திறனும் நினைவும் அறிவைச் சார்ந்தவை. பாராட்டோ, வேறுவிதமாகவும் நடந்திருக்கக்கூடிய ஒருவர் நல்லதைத் தேர்ந்தார் என்பதைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டை மறந்து சேமிக்கும் அணிலைப் புகழ்ந்தால், குளிர்காலமெல்லாம் உறங்கும் கரடியைச் சோம்பேறி என்று இகழவும் நேரும். உண்மையில் தாய்க்கரடி அக்காலத்தில்தான், உண்ணாமலும் நீரருந்தாமலும் உடற்கொழுப்பைக் கொண்டே உயிர்தாங்கி, குகையில் குட்டிகளை ஈன்று பாலூட்டுகிறது.

இளங்குழந்தைகள் உயிரற்றவற்றின்மீதும் எண்ணத்தையும் நோக்கத்தையும் ஏற்றிக் காண்பதை உளவியலாளர் ழான் பியாஜே 1926இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். உலகைத் தன்னைப் போலவே காணும் அம்மனத்துக்கு, விலங்கை மனிதக் குணங்களின் கண்ணாடியாகக் காட்டும் நீதி புதிதாக எதையும் தருவதில்லை. ஒளித்துவைத்த கொட்டைகளைத் தானே தேடிக் காணாது திகைக்கும் குழந்தையோ, அணிலின் பணி எவ்வளவு கடினமானது என்பதை உணர்ந்து, தன்னிலிருந்து வேறான ஓர் உயிரை மதிக்கத் தொடங்குகிறது. ஆகவே விளையாட்டு தொடரலாம்; சேமிப்பின் நன்மையை மட்டும், அதைத் தேர்ந்தெடுக்கவும் தவிர்க்கவும் வல்ல மனிதரைக் கொண்டே விளக்குவது தகும்.