நீயே கட்டிடுப்பா

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கூட்டுக்குள் வைத்து, 'டக்'கென்று மூடிவிட்டுத்தான் பெரியம்மா மகனுக்குப் போன் போட்டார். "கரண்ட் பில் வந்திருக்குப்பா. எனக்கு இந்த எழுத்தெல்லாம் தெரிய மாட்டேங்குது. நீயே கட்டிடுப்பா."

இதில் உறுத்த ஒன்றுமில்லைதான், சற்று முன்பு நடந்ததை நான் பார்க்காமல் இருந்திருந்தால். மாடியில் குடியிருக்கும் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து தன் போனை நீட்டினாள். கேஸ் புக் செய்து பணமும் கட்ட வேண்டும், குழந்தை கையை விட மாட்டேனென்கிறது. பெரியம்மா வாங்கி, மளமளவென்று தட்டிக்கொண்டே போனார். பின் நம்பர் கேட்கும் இடம் வந்ததும் போனை அவளிடம் நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதை நீ போடு. நான் பாக்கக் கூடாது." இந்த ஒழுங்கு என் அலுவலகத்தில் பாதிப் பேருக்குக் கிடையாது.

பொய் சொன்னார் என்பதல்ல என் கவலை. கண் தெரியவில்லை என்று சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றுவானேன்? பேசப்போகும் சொல்லை, பேசுகிற நேரத்துக்காவது உண்மையாக்கிவைக்கவா?

வயதானவர்களுக்கு இதெல்லாம் ஏறாது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரியப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவருக்குப் பின் பெரியம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஆண்டுதோறும் நவம்பரில் தான் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். 2014-இல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்று வந்தபோது இனி விரலை வைத்தால் போதும் என்றார்கள். காலமெல்லாம் புளி கரைத்துப் பாத்திரம் தேய்த்த விரல், இயந்திரம் ஏற்கவில்லை. ரேஷன் கடையிலும் அதே பேச்சு: "ரேகை விழல பாட்டி, துடைச்சிட்டு வைங்க." 2021-இல் முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஆனது. இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, போன் கேட்கிறபடி கண்ணைச் சிமிட்டி, உயிரோடிருப்பதை அவரே தெரிவித்துவிடுகிறார். ஓய்வூதியம் நின்றுவிடும் என்றால் எழுத்து நன்றாகவே தெரிகிறது.

பயமாக இருக்கலாம். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் கதைகள் அவருடைய வாட்ஸாப்பில் நாள் தவறாமல் வருகின்றன. புகாருக்கு 1930 என்ற எண்ணைக் காலண்டர் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறார். மாடிப் பெண்ணுடையது அவள் போன், அவள் பணம். தன் கணக்கு என்றால் கை தயங்காதா? இந்தக் காரணம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பயந்தவர் பயமாக இருக்கிறது என்றுதானே சொல்வார்? கண்ணாடிக் கூட்டுக்கு அங்கே என்ன வேலை?

பி. சாய்நாத் எழுதிய கட்டுரை ஒன்று அரைகுறையாக நினைவிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்ற கதை. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டும் பார் சைக்கிளையே எடுத்தார்கள். அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் அண்ணனுக்கும் காத்திருந்த காலம் அதோடு முடிந்தது. கற்றுக்கொள்வதென்றால் இதுதான் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்: இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பது.

என் அப்பாயியும் அதே மாவட்டத்தில் அதே அறிவொளி வகுப்புக்குப் போனவர்தான். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா நீல ஏரோகிராமில் எழுதுவார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் "படிடா" என்று அப்பாயி அதை மடியிலிருந்து எடுத்துத் தருவார். ஓரங்கள் ஏற்கெனவே சுத்தமாக வெட்டிப் பிரிக்கப்பட்டிருக்கும். நான் ஒரு வரியைத் தாண்டிப் படித்தால், "அதுக்கு முன்னாடி?" என்பார். படிக்கத் தெரியாதவருக்கு முன்னால் ஒரு வரி இருப்பது எப்படித் தெரியும் என்று ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் அவர் எதுவரை படித்தார் என்பதும் இன்றுவரை தெரியாது. தபால்காரரே ஒருமுறை படித்துக் காட்டியிருக்கலாம்.

பெரியம்மாவின் போன் பேச்சில் மின்கட்டணம் இரண்டு வாக்கியம்தான். பிறகு பேத்தியின் சளி, மருமகளின் இடமாற்றம், ஓசூர் தண்ணீர், இந்த வருஷ மாவடு. மகன் தானாக அழைப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. ஞாயிறு காலையில் அழைப்பான். ஆனால் அது அவன் விசாரிக்கும் அழைப்பு. மாத்திரை போட்டியா, கால்வலி எப்படி என்று கேள்விகள் அவனுடையவை. பில் கட்டச் சொல்லும்போதுதான் இவர் அம்மாவாக இருந்து ஒரு வேலை ஏவுகிறார். வலியச் சென்று ஒரு வேலையைக் கேட்பது உறவில் ஓர் உரிமை. அதையும் போன் கற்றுக்கொண்டு கைவிட்டுவிட வேண்டுமா?

இப்படிச் சொல்லும்போதே இன்னொரு பக்கம் இடிக்கிறது. தெரியாது என்று சொல்லிச் சொல்லி உண்மையிலேயே தெரியாமல் போய்விடாதா? மகனுக்கு ஒரு நாள் முடியாமல் போனால்? தவிர, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் நம்பிவிட்டால், வீட்டை விற்பது முதல் எல்லா முடிவுகளையும் அவனே எடுத்துவிடுவான். அந்த உரிமைக்குக் கொடுக்கும் விலை கொஞ்சநஞ்சமல்ல.

போன வாரம் பெரியம்மா மகன், என் அண்ணன், என்னிடம் சொன்னான்: "அம்மாவுக்கு எதுக்குடா தொல்லை, கரண்ட் பில்லை ஆட்டோபேல போட்டுடறேன்." இரண்டு மாதத்துக்கு ஒரு பில், வருஷத்துக்கு ஆறு அழைப்பு மிச்சம். பாசத்தில்தான் சொன்னான். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது? அம்மாவுக்குத் தெரியும் என்றால் பெரியம்மாவைக் காட்டிக்கொடுத்ததாகும். தெரியாது என்றால் அவரைச் சிறுமைப்படுத்தியதாகும். இத்தனைக்கும், சாயங்காலமானால் அவருக்குக் கண் எரிகிறது, அதனால் கண்ணாடியைக் கழற்றினார், அவ்வளவுதான் என்றும் இருக்கலாம். அவரிடமே கேட்டுவிடலாம். கேட்டால் பதிலும் சொல்வார். அந்தப் பதிலை நான் நம்புவேனா என்பதுதான் தெரியவில்லை.