பார்வையும் பற்றும்

மார்கழியில் தெற்குக் கொல்கத்தாவின் டாலிகஞ்சில் பொழுது சோம்பலாகவே புலர்கிறது. பனியும் புகையும் கலந்து கூரைகளின் மீது படிந்திருக்கும். ஆட்டோக்களின் இரைச்சல் தொடங்குமுன், ஏதோ ஒரு காலிமனையின் முட்புதரிலிருந்து கரகரத்த குரல் ஒன்று எழும். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிதான உடல். கண்ணின் குறுக்கே மை தீட்டியதுபோல் கருங்கோடு. அதுதான் பழுப்புக் கீச்சான். சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பரில் வங்காளத்திற்கு வந்துசேர்கிறது. எடை ஏறத்தாழ 35 கிராம். பல பறவைகள் ஆண்டுதோறும் தாம் முன்பு தங்கிய அதே இடத்திற்கே திரும்பி வருகின்றன.

சாதுவான பறவை என்று எண்ண வேண்டாம். வெட்டுக்கிளியையும் பல்லியையும் பிடித்து முள்ளில் குத்தி வைத்துக் கிழித்துண்பது இவ்வினத்தின் இயல்பு. வங்காளியர் கீச்சானைக் கசாப்புப் பறவை என்றே அழைக்கின்றனர்.

முண்டக உபநிஷதம் ஒரே மரத்தில் அமர்ந்த இரு பறவைகளைக் காட்டுகிறது. ஒன்று கனியை உண்கிறது. மற்றொன்று உண்ணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. டாலிகஞ்சின் முட்புதரருகே கீச்சான் உண்கிறது. தொலைநோக்கியுடன் நிற்கும் மனிதன் பார்க்கிறான். ஆனால் அவன் உண்மையிலேயே உண்ணாதவனா என்ற கேள்வி எளிதில் தீர்வதன்று.

காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹ்யூமின் வாழ்வு இங்கு நினைவுக்கு வருகிறது. இந்தியப் பறவைகளை அவரளவு அறிந்தவர் அக்காலத்தில் வேறெவரும் இலர். அவ்வறிவு துப்பாக்கி வழியே வந்தது. 1885-இல் லண்டன் அருங்காட்சியகத்திற்கு அவர் அளித்த தொகுப்பில் பறவைத் தோல்களும் முட்டைகளுமாக ஏறத்தாழ 82,000 இருந்தன. அதற்குச் சற்று முன்னரே, பிரம்மஞான சபையின் தொடர்பால் அவர் புலால் உண்பதையும் பறவைகளைச் சுடுவதையும் நிறுத்தியிருந்தார். பல்லாண்டு உழைப்பில் எழுதிய கையெழுத்துப் பிரதிகள், அவர் சிம்லாவில் இல்லாத வேளையில் ஒரு வேலைக்காரனால் பழைய காகிதமாக விற்கப்பட்டுப் போயின. பறவையியலை அவர் கைவிட்டது கருணையாலா, மனமுடைந்தா? இரண்டும் கலந்திருக்க வேண்டும். மனித மனத்தில் துறவு பெரும்பாலும் கலப்படமாகவே பிறக்கிறது. முதுமையில் இங்கிலாந்தில் அவர் தாவரங்களைச் சேகரிக்கத் தொடங்கினார். சேர்க்கும் இயல்பு பொருளை மாற்றிக்கொண்டதேயன்றி அழியவில்லை!

இன்று துப்பாக்கியின் இடத்தில் காமிரா இருக்கிறது. இது பெரிய முன்னேற்றம்தான், ஐயமில்லை. எனினும் சிலர் பதிவுசெய்த குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்கின்றனர். தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணி, பறவை இரை தேடுவதை விட்டுவிட்டுப் பாய்ந்து வருகிறது. படம் கிடைக்கிறது. குளிர்காலையில் பறவை செலவிட்ட சக்தி அப்படத்தில் தெரிவதில்லை.

டாலிகஞ்சை அடுத்துள்ள ரவீந்திர சரோவர் இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. 1920-களில் வெட்டப்பட்டு, 1958-இல் கவிஞரின் பெயரைப் பெற்ற ஏரி அது. நீர்ப்பரப்பு 73 ஏக்கர். தீபாவளிக்கு ஆறாம் நாள், வலசைப் பறவைகள் வந்திறங்கும் அதே பருவத்தில், பீகாரிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் சட் விரதத்திற்காக அந்நீரில் நின்று மறையும் கதிரவனுக்கும், மறுநாள் உதிக்கும் கதிரவனுக்கும் அர்க்கியம் அளித்து வந்தன. நீரில் மிதந்த பூவும் எண்ணெயும், கரையில் வெடித்த பட்டாசும் ஏரியைக் கெடுப்பதாக வழக்கு எழுந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2019-இல் பூட்டிய வாயில்களை உடைத்து மக்கள் உள்ளே புகுந்தனர். 2020-இல் உச்ச நீதிமன்றமும் தடையைத் தளர்த்த மறுத்தது.

தீர்ப்பு சரியானதே. கதிரவன் எல்லா நீரிலும் தெரிகிறான். வாயற்ற உயிர்களுக்கு அந்த ஏரியை விட்டால் நகரில் வேறிடம் குறைவு. ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. அங்கே இழக்கும்படி கேட்கப்பட்டவர்கள், ஆண்டுக்கொரு முறை உண்ணாநோன்புடன் வரும் எளிய மக்கள். தினந்தோறும் காமிராவுடன் வருபவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அருகிலேயே, 1895-இல் தோன்றிய டாலிகஞ்ச் கிளப்பின் பெருமரங்களுக்கிடையே பறவைகளும் நரிகளும் அமைதியாக வாழ்கின்றன. அந்த மதிற்சுவர் அவற்றைக் காப்பதுபோலவே ஏழையை வெளியே நிறுத்தியும் வைக்கிறது.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977-இல் அமைந்தது. அங்குள்ள கண்மாய்களுக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாதென்று ஊரார் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எந்த நீதிமன்றமும் அவர்களுக்கு ஆணையிடவில்லை. அவ்வூர்ப் பெரியவர்கள் பறவைகளின் பெயர்களைப் பட்டியலிட்டவர்களும் அல்லர். சிறுவனொருவனின் கையிலிருந்து மத்தாப்பைத் தாயே வாங்கி வைத்துவிடுகிறாள். ‘பறவைக்கு ஆகாதுடா’ என்பதற்குமேல் அவள் காரணம் சொல்வதில்லை. தீபாவளியின்போது வனத்துறையினர் அவ்வூராருக்கு இனிப்பு வழங்கி வருகின்றனர்.

சித்திரை பிறந்து வெயில் ஏறும்போது டாலிகஞ்சின் முட்புதரில் அந்தக் கரகரத்த குரல் ஓய்ந்துவிடுகிறது. முள்ளில் ஒரு வெட்டுக்கிளியின் காய்ந்த இறகு மட்டும் சில நாள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.