போர் நினைவும் ஆசிரியர் கடனும்

ஒரு நாட்டாரை இருகூறாகப் பிளந்த போரில் தாம் கண்டதையும் உற்றதையும், அக்காலத்துப் பிறவாத மாணாக்கர்க்கு ஆசிரியர் தம் வாயாற் கூறுதல் தகுமோ தகாதோ என்பது ஆராயற்பாலதாம். வியட்நாம் போருக்குப் பின் அமெரிக்கப் பள்ளிகளில் இவ்வினா எழுந்தது.

1965 மார்ச்சில் அமெரிக்கப் போர்ப்படை வியட்நாமின் தாநாங் கரையில் இறங்கிற்று. 1975 ஏப்ரல் 30-இல் சைகோன் வீழ்ந்தது. 58,000-க்கு மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். மாண்ட வியட்நாமியரோ பல இலட்சத்தர். 1969 டிசம்பர் 1-இல் ஆண்டின் 366 நாட்களையும் எழுதிச் சிமிழ்களில் அடைத்து ஒவ்வொன்றாக எடுத்து, முன்வந்த நாளிற் பிறந்த இளைஞரை முன்னர்ப் படைக்கு அழைப்பதென வகுத்தனர். முதற்கண் வந்தது செப்டம்பர் 14. பிறந்த நாளே ஒருவனைக் களத்துக்கு அனுப்பி மற்றொருவனை இல்லில் இருத்திற்று. மறுத்துச் சிறைபுக்கோரும் கானடாவுக்கு ஏகினோரும் உளர். சென்றோருள்ளும் எதிர்த்தோருள்ளும் பலர் பின்னர் ஆசிரியராயினர். ஒரு பள்ளியிலேயே இருதிறத்தாரும் அமர்ந்ததுண்டு.

பேசலாகாது என்பார் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது என்பது சித்தாந்தத் துணிபு. படிகம் அடுத்த மலரின் நிறத்தைப் பற்றுமாறு, இளையான் தான் மதிக்கும் ஆசிரியனுடைய சினத்தையோ செருக்கையோ பற்றுவான். நன்னூலும் ஆசிரியனுக்கு நிறைகோலை உவமையாக்கிற்று. கோல் தன் விருப்பைக் காட்டுவதன்று. ஆகலின் வாளாவிருத்தலே நன்று என்பர்.

அற்றன்று. ஆசிரியன் வாளாவிருந்தால் மாணாக்கன் நிறமின்றி நில்லான். திரைப்படத்தின் நிறமோ தெருப்பேச்சின் நிறமோ அவன்மேற் படியும். மேலும், 1965 டிசம்பரில் அயோவா மாகாணத்தில் அப்போர் குறித்துக் கையிற் கரும்பட்டை அணிந்துவந்த மாணாக்கரைப் பள்ளியார் விலக்கினர். 1969-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்செயல் தவறென்றது. மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் உள்ள பேச்சுரிமை பள்ளி வாயிலில் ஒழியாதென்றும் கூறிற்று. உரிமை உண்டென்பதே நீதிமன்றத்தால் ஆவது. எங்ஙனம் உரைப்பது என்பதை அளவைநூல் கொண்டே காணல்வேண்டும்.

சிவஞான சித்தியார் அளவையியல் காட்சியை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நால்வகைப்படுத்தும். போருக்குச் சென்ற ஒருவன் சிற்றூர் எரியக் கண்டது வாயிற்காட்சி. நண்பன் மாண்டபோது தன்னுள் எழுந்த துயரை அறிந்தது தன்வேதனைக்காட்சி. 'ஆதலின் இஃது அறப்போர்' என்றோ 'மறப்போர்' என்றோ துணிவது காட்சியன்று; கருதலாம். மூன்றையும் ஒரே மூச்சில் உரைக்குங்கால் துயரின் மெய்ம்மை துணிபின் மெய்ம்மை போலத் தோன்றும். கண்கலங்கி நிற்கும் ஆசிரியனைச் சிறுவன் எங்ஙனம் மறுப்பான்? மறுக்கவொண்ணாத இடத்தில் ஆராய்ச்சி இல்லை. துயர் பொய்யன்று, ஆயின் அதே துயரை உற்ற இருவர் எதிரெதிர்த் துணிபு கொண்டமையே அந்நாட்டு வரலாறு. ஓர் ஏது இருதலைக்கும் செல்லுமாயின் அஃது அனைகாந்திகம் என்னும் போலியன்றோ?

ஆகலின் ஆசிரியன் கண்டதைக் கண்டதாகவும், உற்றதை உற்றதாகவும், கருதியதைக் கருதியதாகவும் பிரித்துரைக்கக் கடவன். வேறு கண்ட ஆசிரியனையும் அதே மாணாக்கர்முன் உரைக்கச் செய்தல் இன்னும் நன்று; நிறைகோலுக்குத் தட்டு இரண்டு.

இஃது அயலார்க்கே ஆவதென்று சைவர் எண்ணற்க. தாநாங்குக்குத் தென்மேற்கே மிசோன் என்னுமிடத்தில், சம்பா நாட்டரசர் பத்திரேசுவரர் எனப் போற்றிச் சிவபெருமானுக்குப் பன்னூறாண்டு எடுத்துவந்த செங்கற்கோயில்கள் உள. 1969-இல் அமெரிக்க வானூர்திகள் எறிந்த குண்டுகளால் அவற்றுட் பல தகர்ந்தன. அவற்றுள் தலைசிறந்ததும் தகர்ந்தது. படிக்கும் சைவர் நெஞ்சு கொதிக்கும், கொதித்தல் இயல்பே. எதிர்ப்படைஞர் அக்கோயில்களிடையே தங்கியிருந்தமை பற்றியே குண்டு வீழ்ந்தது என்பதும் வரலாறே. இக்கோயிலழிவைத் தம் மாணாக்கர்க்கு உரைக்கும் சைவ ஆசிரியர் பின்னதையும் விடாது கூறுவாரோ?