விளையாட்டும் உடல்நிறையும்: ஓர் அறவியல் நோக்கு

உவகை பிறக்கும் நிலைக்களங்களை வகுத்துக் கூறப் புகுந்த தொல்காப்பியர், மெய்ப்பாட்டியலிலே செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டையும் சேர்த்து நான்காக எண்ணினார். விளையாட்டினால் விளையும் பயன் யாது என்ற வினா ஆங்கு எழவில்லை. கிரேக்க மெய்யியலாளரான அரிஸ்டோட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் பத்தாம் நூலில் வேறொரு நிலையினை மேற்கொண்டார். மனிதனால் இடையறாது உழைத்தல் இயலாது. ஆதலின் விளையாட்டு ஓய்வினை ஒத்தது. மீண்டும் உழைப்பதற்காகவே அவன் விளையாடுகின்றான் என்பது அவர் கருத்து. ஒருவர் விளையாட்டை மகிழ்ச்சியின் ஊற்றாகக் காண, மற்றவர் அதனைப் பிறிதொன்றிற்குக் கருவியாகக் கண்டார். ஏட்டளவில் நின்றிருக்க வேண்டிய இவ்வேறுபாடு இன்று பாடசாலை முற்றத்துக்கு வந்து சேர்ந்துள்ளது. அதற்குக் காரணம் சிறாரின் உடல்நிறையாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 5 முதல் 19 வயது வரையானோரில் அளவுக்கு மிஞ்சிய நிறையுடையோர் 1990இல் 8 வீதமாக இருந்து 2022இல் 20 வீதமாக உயர்ந்தனர். 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரை. அறுபது நிமிடம் தொடர்ந்து ஓடுமாறு ஒரு குழந்தையைப் பணித்தால் அது பத்து நிமிடத்திற் களைத்துவிடும். அதே குழந்தை கிளித்தட்டு மறிக்கும்போது பாய்வதும் நிற்பதும் வளைந்தோடுவதுமாகப் பொழுதுபடும்வரை இயங்கும். களைப்பை அது அறிவதில்லை. ஆகவே மருத்துவரும் கல்வியாளரும் விளையாட்டை நாடியதில் வியப்பில்லை. ஆயினும் விளையாட்டு மட்டும் நிறையைக் குறைப்பது சிறிதளவே என்பதும், உணவும் உறக்கமும் சூழலும் அதனோடு சேரவேண்டும் என்பதும் ஆய்வுகளால் தெளிவாகியுள்ளன. என்பும் இதயமும் உரம்பெறுதல் முதலிய நன்மைகளோ நிறை குறைந்தாலும் குறையாவிடினும் கிட்டுவன.

இவ்விடத்திலே அறவியல் வினா எழுகின்றது. நிறையைக் குறைப்பதற்கென விதிக்கப்படும் விளையாட்டு விளையாட்டாகவே எஞ்சுமா? ஒல்லாந்து வரலாற்றறிஞர் யொகான் ஹொய்சிங்கா 1938இல் வெளியிட்ட நூலிலே, தன் விருப்பினாற் செய்யப்படுதலே விளையாட்டின் முதற்பண்பு என்றும், கட்டளையின் பேரில் நிகழ்வது விளையாட்டாகாது என்றும் வாதிட்டார். அவருக்கு நெடுங்காலம் முன்னரே, 1693இல், ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் இதனை நடைமுறையிற் கண்டுரைத்திருந்தார். பம்பரத்தின்மீது ஒரு சிறுவன் கொண்ட ஆசையைப் போக்கவேண்டுமாயின், நாள்தோறும் இத்தனை மணிநேரம் பம்பரம் சுழற்றுவது அவன் கடமை என ஆக்கிவிட்டாற் போதும் என்பது அவருடைய யோசனை. சிறுவரைப் பற்றி மெய்யியலாளர் எழுதியவற்றுள் இத்துணை அனுபவ மணம் வீசும் பகுதிகள் அரியன.

லொக் கண்ட உண்மையைச் சிங்கப்பூர் பதினைந்து ஆண்டுகள் பரிசோதித்துப் பார்த்தது எனலாம். 1992இல் அந்நாட்டுக் கல்வியமைச்சு, நிறை மிகுந்த மாணவரை இனங்கண்டு அவர்களுக்கு மேலதிக உடற்பயிற்சி அளிக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. இடைவேளையில் ஏனையோர் உண்டும் ஓடியும் களிக்க, இவர்களுட் பலர் தனியே அழைக்கப்பட்டுப் பயிற்சிக்கு நிறுத்தப்பட்டனர். திட்டத்தினது ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைப் பின்னிருந்து வாசித்தால் கொழுப்பினைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வரும். மாணவர் அதனைக் கவனியாது விடுவார்களா? கேலி பிறந்தது. நிறை மிகுந்தோர் தொகை பதினொரு வீதத்துக்கு மேலிருந்து பத்து வீதத்துக்குக் கீழ் இறங்கியது என்பதும் உண்மையே. ஆயினும் 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. எல்லா மாணவரையும் தழுவிய பொதுவான சுகாதாரத் திட்டமொன்று அதனிடத்தைப் பெற்றது.

தொகை குறைந்ததன்றோ, பின் ஏன் குறைகூற வேண்டும் என ஒருவர் கேட்கலாம். இது எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று. இளமையிலே மிகுநிறை கொண்டோர் பலர் வளர்ந்த பின்னரும் அதனைச் சுமக்கின்றனர்; நீரிழிவு முதலிய நோய்கள் அவர்களை முந்தியே பற்றுகின்றன. கசப்பான மருந்தைக் குழந்தைக்குப் புகட்டும் தாயை எவரும் கொடியவள் என்பதில்லை. எனினும் கசப்பதனால் மருந்து மருந்தாகாமற் போவதில்லை. விளையாட்டோ கசந்த அக்கணமே வேறொன்றாகிவிடுகிறது. இடைவேளையைத் தண்டனையாக அனுபவித்த சிறுவன் பாடசாலையை விட்டு நீங்கியதும் மைதானத்தைத் திரும்பிப் பார்க்க விரும்புவானா? இதனினும் பாரதூரமானது பொறுப்புப் பற்றிய பிழை. வீட்டில் எது சமைக்கப்படுகிறது, கடையில் எது மலிவு, தெருவில் எத்தனை வாகனம் ஓடுகிறது, பாடநேரம் எப்பொழுது முடிகிறது என்பவற்றுள் ஒன்றையும் குழந்தை தீர்மானிப்பதில்லை. தீர்மானித்தோர் வேறிருக்க, விளைவுக்காக நாணுமாறு குழந்தையைப் பணிப்பது நீதியாகாது.

அவ்வாறாயின் பெரியோர் தம் நோக்கத்தை மறைத்து விளையாட விடலாமா, அது வஞ்சனையன்றோ என்ற ஐயமும் எழலாம். சுவைக்காக இலைக்கஞ்சி குடிக்கும் பிள்ளைக்கு அதிலுள்ள சத்துக்களைத் தாய் எடுத்துரைப்பதில்லை. அதனால் அவள் ஏமாற்றியவள் ஆகாள். பிள்ளை நாடிய இன்பமும் தாய் நாடிய நலமும் ஒரே கிண்ணத்தில் உள்ளன. விளையாட்டும் இத்தகையதே. மாதமுடிவில் வகுப்பார் முன்னிலையில் தராசில் ஏற்றிக் கணக்குப் பார்க்கும்போதுதான் ஒன்று மற்றதை விழுங்கத் தொடங்குகிறது. தராசு மருத்துவரின் அறைக்குள் இருக்கத்தக்கது. கயிறிழுத்தலிற் கடைசியில் நின்று கயிற்றைத் தாங்குவதற்குப் பருத்த பிள்ளையைத்தான் இரு கட்சியினரும் தேடுவர். விளையாட்டு தன் விதிப்படி நடக்குமிடத்து உடல்நிறைக்கும் ஒரு மதிப்பு உண்டு.

ஆகவே பெரியோர் செய்யத்தக்கது இடமும் நேரமும் தருதலாகும். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாட்டை உரிமையெனக் கூறுகிறது. இலங்கை 1991இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆயின் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காக மாலைப் பொழுதுகளைத் தனியார் வகுப்புக்கு ஈந்துவிட்ட பிள்ளை அவ்வுரிமையை எப்பொழுது துய்ப்பது? இடத்தைப் பொறுத்தவரை ஆம்ஸ்டர்டாம் நகரின் அனுபவம் நினைக்கத்தக்கது. 1947 முதல் முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கட்டடக் கலைஞர் அல்டோ வான் ஐக் அங்கே எழுநூறுக்கு மேற்பட்ட சிறு விளையாட்டிடங்களை அமைத்தார். போருக்குப் பின் வெறுமையாய்க் கிடந்த வளவுகளும் தெருமூலைகளும் அவற்றுக்கு நிலமாயின. மணற்குழி, குதித்துத் தாவுதற்குச் சில கற்கள், ஏறுதற்கு வளைந்த இரும்புக் கம்பிகள் என்பனவே ஆங்கிருந்தவை. இன்னவாறு விளையாடுக என எந்தப் பொருளும் சொல்லவில்லை, எவரும் நிறுக்கப்படவுமில்லை. அவற்றுட் பெரும்பாலானவை பின்னர் அழிந்துபட்டன.